சண்முகவடிவின் இரண்டாவது நேர்முகம்

வட்டவளைப் பக்கத்து ஆடைத் தொழிற்சாலை மூடப்பட்டபோது சண்முகவடிவுக்கு நாற்பத்தொரு வயது. தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தாலும் கொழுந்துக் கூடையைத் தொடாமல் தையல் மெஷினில் உட்கார்ந்தவள். கடைசி சில வருடங்கள் முப்பது பெண்களுக்கு மேற்பார்வையாளராக இருந்தாள்.

நிர்வாகம் போகிற போக்கில் ஹட்டனில் ஒரு வேலை உதவி நிலையத்தைத் திறந்துவிட்டுப் போனது. "வேலையப் புடுங்கிட்டு, வேலை தேடச் சொல்லிக் குடுக்கிறாங்களாம்" என்று கூட வேலை செய்த நிஷாந்தி சொன்னாள். சண்முகவடிவும் சிரித்தாள். ஆனாலும் போனாள்.

அங்கே இருந்த ஆலோசகர் அம்னா, ஹட்டன் கடைவீதியில் வளர்ந்தவர்.

"ஃபேக்டரியில என்ன செஞ்சீங்க அக்கா?"

"நாங்க தைச்சோம் மிஸ். அவசர ஓடர் வந்தா நாங்களே சமாளிச்சிருவோம்."

"நாங்க வேணாம். நீங்க என்ன செஞ்சீங்க?"

தன்னைத் தனியாகப் பிரித்துப் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. அம்னா விடவில்லை. அந்த நேர்முகப் பயிற்சி முடிவதற்குள், பாதிப் பேர் காய்ச்சலில் படுத்த வாரம் வேலையை எப்படிப் பிரித்துக் கொடுத்து லொறியை அனுப்பினாள் என்று மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நிலையம் காட்டிய வேலைகள் பெரும்பாலும் கொழும்பில்தான். நிஷாந்தி அங்கேயே போய்விட்டாள். கிட்டத்தில் இருந்தது இறம்பொடையில் ஒரு ஹோட்டல். அறை சுத்தம் செய்யும் வேலை. சண்முகவடிவு நேர்முகத்துக்குப் போனாள். நன்றாகவே பேசினாள். கிடைக்கவில்லை.

"நமக்கு இது சரிவராது மிஸ்" என்று சொல்லத்தான் மறுபடி ஹட்டனுக்கு வந்தாள். அம்னா அவள் முன்னாலேயே ஹோட்டல் முகாமையாளருக்கு போன் எடுத்து, ஏன் எடுக்கவில்லை என்று சிங்களத்தில் கேட்டார். முப்பது பேரை வைத்து வேலை வாங்கியவர் கட்டில் விரிக்க எத்தனை நாள் இருப்பார் என்றார் முகாமையாளர்.

"அப்போ வேறு வேலை இல்லையா?" என்று அம்னா கேட்டார்.

முகாமையாளர் சொன்னார்: சலவைப் பகுதிக்கு ஒரு மேற்பார்வையாளர் தேவை, இன்னும் விளம்பரம் போடவில்லை. நாளைக்கு அனுப்புங்கள்.

சண்முகவடிவு பஸ் நிலையத்துக்கு நடக்கவில்லை, ஓடினாள். வீட்டில் கணவன் அழகன், "நாளைக்கா? நாளைக்கேவா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டபடி அவளுடைய செருப்பைத் துடைத்து வைத்தான்.

இரண்டாவது நேர்முகம் சலவை அறையிலேயே நடந்தது. மலையாய்க் குவிந்த விரிப்புகள். ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு நாலு பேர். அவள் முதலில் அவர்கள் பெயரைக் கேட்டாள். பிறகு, யாருக்கு எந்த வேலை சிரமம் என்று கேட்டாள். பேசிப் பேசியே இடம் மாற்றினாள். மதியத்துக்குள் தரை தெரிந்தது. முகாமையாளர் திங்கட்கிழமை வரச் சொன்னார்.

அந்த நிலையத்தால் பிரயோசனம் உண்டா என்று கேட்பவர்களிடம் அவள் சொல்வது இதுதான்: "அவங்க எழுதிக் குடுத்த பயோடேட்டா பேப்பர் பெருசில்லங்க. நமக்காக ஒருத்தவங்க போன் போட்டு ஏன்னு கேட்டாங்க பாருங்க, அதுதான்."

இப்போது ஏப்ரல். நுவரெலியாவில் சுற்றுலா சீசன் தொடங்கி ஹோட்டல் நிரம்பி வழிகிறது. அதிகாலை பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை காலியாகத்தான் இருக்கிறது. ஆனால் அவள் உட்காருவதில்லை. முதலில் இறங்கவேண்டும் என்று கதவருகிலேயே நின்றுகொண்டு போகிறாள்.