அப்பாவின் கப்பல் தந்த தாள்

போன வருடம் ஆடி அமாவாசை அன்று, கனடாவில், மொன்றியல் நகரின் பார்க் எக்ஸ்டென்ஷனில் நானும் மகளும் இருக்கிற வீட்டில் நடந்தது இது. அப்போது எனக்கு எண்பத்து மூன்று வயது. மூன்றாம் மாடி. ஒருதரம் ஏறி இறங்கினால் முழங்கால் அன்று முழுக்க விடாது. அதனால் காரணம் இல்லாமல் நான் கீழே போவதில்லை.

அன்று காரணம் இருந்தது. தகப்பனை இழந்தவர்கள் தகப்பனுக்காக விரதம் இருக்கிற நாள். விடியவே எழும்பி, கசக்கிற காத்தோட்டிக்காய் பொரித்து, கறிகள் வைத்து, வடை சுட்டு அப்பாவுக்குப் படைத்தேன். அப்பாவுக்குப் படம் கிடையாது. படத்துக்குப் பதிலாக ஒரு தாளைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வைத்திருக்கிறேன். இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில், திருகோணமலையில், போர்க்கப்பல்களுக்கு எண்ணெய் கொண்டுபோய்க் கொடுக்கிற கடற்படைக் கப்பல் ஒன்றில் அப்பா வேலை செய்தார். அந்தக் கப்பலில் கொடுத்த தாள் அது. இங்கிலீசில் அடித்து, கீழே பெரிய கையெழுத்தும் முத்திரையும். எனக்குப் பதினொரு வயதில், இருமி இருமிச் சாகக் கிடந்தபோது, "கவனமாய் வை பிள்ளை" என்று என் கையில் தந்தார்.

அப்பாவுக்கு எழுத்துத் தெரியாது. நானும் மூன்றாம் வகுப்போடு நின்றவள். முத்திரை குத்திக் கொடுத்தால் அது நல்ல பெயர் எடுத்ததற்குத்தானே என்று நினைத்தேன். ஊரை விட்டு ஓடியபோது நகையை விட்டுவிட்டு வந்தேன், அந்தத் தாளை விடவில்லை. எழுபது வருடமாக அதற்குச் சந்தனப் பொட்டு. கடற்படையே மதித்த மனுசன் என் அப்பா என்று நான் சொல்லாத வீடு இல்லை.

கீழ் வீட்டில் இந்த ஊர்க்காரர் ஒருவர் தனியே இருக்கிறார். எழுபத்தைந்து வயது இருக்கும். வடை என்றால் அவருக்கு உயிர். தட்டோடு போனேன். மேசை நிறையக் கப்பல் படங்கள். அவருடைய தகப்பன் சண்டைக் காலத்தில் வேலை செய்த எண்ணெய்க் கப்பலாம். அது எங்கே கட்டப்பட்டது, எந்தெந்தக் கடலில் ஓடியது, எந்தப் போர்க்கப்பலுக்கு எவ்வளவு எண்ணெய் கொடுத்தது, கடைசியில் எங்கே உடைத்து விற்றார்கள் என்று முழு வரலாற்றையும் எழுதிக்கொண்டிருந்தார் என்பது பிறகு மகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வரைபடத்தில் விரலை வைத்துத் திருகோணமலை என்று தன் வாய்க்கு வந்தபடி சொன்னார். நான் நெஞ்சைத் தொட்டு, "மை ஃபாதர்" என்றேன். வடையைக் கீழே வைத்துவிட்டு எழும்பினார்.

இரண்டு பேரும் படி ஏறி வந்து சேர வெகுநேரம் பிடித்தது. சட்டத்தை யன்னல் பக்கம் கொண்டுபோய் வாசித்தார். கப்பலின் பெயரைக் காட்டித் தலையாட்டினார். அதே கப்பல். மிச்சத்தையும் வாசித்தார். பிறகு என் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த நேரம் ஜான்-டலோன் சந்தையில் வேலை முடித்து மகள் வந்தாள். அவர் அவளிடம் பிரெஞ்சில் ஏதோ கேட்டார்.

"என்னவாம்?" என்றேன்.

"ஒண்டுமில்லை அம்மா. முதல் சாப்பிடுவம்."

"அவர் என்ன கேட்டவர்?"

"பேந்து சொல்லுறன். பசிக்குது."

"விரதம் இருக்கிறவள் நான். உனக்குத்தான் பசியோ? சொல்லு."

மகள் சப்பாத்தைக் கழற்றாமலே கதிரையில் இருந்தாள். தாள் அவர் கையில் இருந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பாமலே சொன்னாள். எண்ணெய்த் தாங்கி துப்புரவாக்கும் கூலி. தாங்கிக்குள் இறங்க மறுத்த குற்றத்துக்காக வேலையால் நிறுத்தப்படுகிறார். இனி எந்தக் கடற்படைக் கப்பலிலும் இவரைச் சேர்க்கக்கூடாது.

"பாக்காமலே சொல்லுறாய்," என்றேன்.

"பதினேழு வயசில வாசிச்சனான்."

"நாப்பது வருசமா வாய் திறக்கேல்லையே?"

"நீங்கள் பொட்டு வைச்சுக் கும்பிட்டுக்கொண்டு நிக்கிறியள். நான் என்னெண்டு சொல்லுறது? நானும் சேர்ந்து கும்பிட்டனான்."

அந்தத் தாளைத் தான் எழுதுகிற கப்பல் வரலாற்றில் சேர்க்கலாமா என்றுதான் அவர் கேட்டாராம். வேண்டாம் என்றேன். சட்டத்தை வாங்கி மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டேன். என் அப்பாவின் பெயர் ஊருக்குத் தெரிய வருவது இப்படியா?

அவர் கீழே போனார். போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்க மறுபடி ஏறி வந்தார். கையில் அவருடைய தகப்பன் கப்பலில் எழுதி வைத்த சின்னக் கொப்பி. தாளில் இருந்த அதே தேதியைக் காட்டினார். மகள் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள்.

நேற்றுத் தாங்கிக்குள் உள்ளூர் ஆட்கள் மூன்று பேர் இடுப்பில் கயிறு கட்டி இறங்கினார்கள். உள்ளே நச்சுக்காற்று. இழுத்தெடுத்தபோது இரண்டு பேருக்கு உயிர் இல்லை. இன்று காலை மூன்றாவது ஆளைத் திரும்ப இறங்கச் சொன்னார்கள். அவன் கயிற்றை அவிழ்த்து மேல்தட்டில் வைத்துவிட்டு நின்றான். நான் மாட்டேன் என்று சொல்லவேண்டிய இடங்கள் இந்தக் கப்பலில் எனக்கும் இருந்தன. நான் சொல்லவில்லை.

அதில் பெயர் இல்லை. தேதி மட்டும்தான்.

மடியில் இருந்த சட்டத்தை நிமிர்த்தி வைத்தேன். உடம்பெல்லாம் அலுப்பாக இருந்தது. வேலையால் நிறுத்தும்போது தாளில் என்ன இருக்கிறது என்று யாராவது அப்பாவுக்குச் சொல்லாமலா இருந்திருப்பார்கள்? தெரிந்துகொண்டுதான் கவனமாய் வை என்று தந்திருக்கிறார். நற்சான்றிதழ் என்று நினைத்தது நான் மட்டும்தான்.

"எழுதச் சொல்லு," என்றேன் மகளிடம். "அப்பாவின்ர பேரை வடிவாய் எழுதச் சொல்லு."

மூன்று தரம் சொல்லிக் கொடுத்தேன். அவருக்கு வாயில் வரவில்லை. மகள் எழுதிக் கொடுத்தாள். பிறகு மூன்று பேரும் ஆறிப்போன சோற்றைச் சாப்பிட்டோம். காத்தோட்டிக்காயைக் கடித்துவிட்டு அவர் முகம் கோணியபோது மகள் கொஞ்சம் சிரித்தாள்.

அந்தச் சட்டம் திரும்பவும் அதே இடத்தில்தான் இருக்கிறது, பொட்டும் வைக்கிறேன். வருகிறவர்கள் கேட்டால், மாட்டேன் என்று சொன்னதற்காக என் அப்பாவுக்குக் கொடுத்த தாள் என்று சொல்கிறேன். அதைச் சொல்ல எனக்கு இவ்வளவு வயது ஆகவேண்டியிருந்ததே என்ற களைப்பு மட்டும் இன்னும் போகவில்லை.