அவள் போட்டுத் தந்த ரேம்

தொண்ணூறுகளின் கடைசியில், பாளையம்பட்டியில் ஒரு தையல் கடைக்குப் பக்கத்து அறையில், நானும் என் சிநேகிதியும் டி.டி.பி. சென்டர் நடத்தினோம். அண்ணன் எனக்கு வாங்கித் தந்த கம்ப்யூட்டர் ஒன்று, பிரிண்டர் ஒன்று. காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, மாதா கோயிலுக்குப் பாட்டுத்தாள் எல்லாம் அடித்துக் கொடுப்போம். டைப் அடிப்பது என் வேலை. பெட்டியைத் திறந்து உள்ளே கை வைப்பது அவள் வேலை. மதுரையில் ஹார்டுவேர் கோர்ஸ் படித்தவள். வகுப்பிலேயே அவள் ஒருத்திதான் பெண். அதில் அவளைவிட எனக்குத்தான் பெருமை.

அவளுக்குப் பரளச்சிப் பக்கம். ஊருக்குப் போகும் பஸ்ஸை விட்டுவிட்டால் எங்கள் வீட்டில் தங்கிக்கொள்வாள். கிறிஸ்துமஸுக்கு அம்மா எனக்குத் துணி எடுக்கும்போது அவளுக்கும் சேர்த்தே எடுப்பார்.

காரியாபட்டியில் கம்ப்யூட்டர் வகுப்பு தொடங்க அவளுடைய மாமா இடம் கொடுத்தார். "போகட்டுமாடி?" என்று என்னிடம்தான் முதலில் கேட்டாள். அழுதுகொண்டே போகச் சொன்னேன்.

"நம்ம பொட்டி ரொம்ப மெதுவா ஓடுதுல்ல? போறப்ப ஒனக்கு ரேமைக் கூட்டிக் குடுத்துட்டுப் போறேன். என் ஞாபகமா இருக்கட்டும்" என்றாள். ரேம் என்பது விரல் நீளத்தில் ஒரு பச்சை அட்டை. அது கூடினால் கம்ப்யூட்டருக்கு வேகம் கூடும். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை நான் பூசைக்குப் போயிருந்த நேரத்தில் வந்து, வேலையை முடித்து, சாவியைத் தையல்காரரிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். திங்கள் காலையில் சுவிட்சைப் போட்டேன். ஃபேன் சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது. உள்ளேயிருந்து 'பீப் பீப் பீப்' என்று மூன்று சத்தம். அணைத்துப் போட்டாலும் அதே மூன்று சத்தம்.

எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடிப் போய், காரியாபட்டியில் அவளுடைய மாமா வீட்டுக்குப் போன் போட்டு அவளிடம் பேசினேன்.

"மதர்போர்டு போயிருக்கும். பழைய பொட்டிதான? வியாழக்கிழமை வாரேன். நீ தொறக்காத" என்றாள்.

"புதன்கிழமை கொடியேத்தம்டி. திருவிழாப் புத்தகம் நாப்பது பக்கமும் உள்ள கெடக்கு."

"தொறந்தா ஷாக் அடிக்கும். சொன்னாக் கேளு."

கரண்டு என்றால் எனக்குப் பயம். அது அவளுக்குத் தெரியும்.

ஆனால் புத்தகத்தை நம்பிப் பாதிரியார் காத்திருந்தார். வயரை எல்லாம் பிடுங்கிவிட்டு, தையல்காரரிடம் திருப்புளி வாங்கிப் பெட்டியைத் திறந்தேன். நான்கு பச்சை அட்டைகள் இருந்தன. அவள் முன்பு செய்யும்போது நான் பார்த்திருந்த மாதிரியே, கழற்றி, பொன்னிறப் பற்களை அழிரப்பரால் தேய்த்தேன். இரண்டைப் போட்டேன். மூன்று சத்தம். அவற்றை எடுத்துவிட்டு மற்ற இரண்டைப் போட்டேன். திரையில் எழுத்து வந்தது. "வந்துருச்சு!" என்று கத்தினேன்.

ஆன் செய்ததும் திரையில் ஓர் எண் ஓடி நிற்கும். அதுதான் ரேமின் அளவு. தினமும் பதினாறாயிரத்துச் சொச்சத்தில் நிற்கும். அன்று எட்டாயிரத்துச் சொச்சத்திலேயே நின்றுவிட்டது.

நான்கு அட்டைகளையும் ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். பாகங்களைப் பூட்டிக் கம்ப்யூட்டரைச் செய்து கொடுத்த கடைக்காரர் எங்கள் இரண்டு அட்டைகளிலும் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டிக் கையெழுத்துப் போட்டிருந்தார். இவை எதிலும் ஸ்டிக்கர் இல்லை. இரண்டு செத்தவை, இரண்டு பாதி அளவு. என்னுடையவை இரண்டும் இல்லை.

காரியாபட்டி பஸ்ஸில் உட்கார்ந்து அவளுக்காக நானே சமாதானம் தேடினேன். அவளுக்கு ரேம் விற்ற மதுரைக் கடைக்காரன் ஏமாற்றியிருப்பான். அவசரத்தில் மாற்றிப் போட்டிருப்பாள். என் அட்டைகளை எங்கோ பத்திரமாக வைத்திருப்பாள்.

நான் உள்ளே நுழைந்தபோது வகுப்பு தொடங்கவில்லை. அவள் அப்போதுதான் கம்ப்யூட்டரை ஆன் செய்திருந்தாள். திரையில் எண் ஓடியது. பதினாறாயிரத்தைத் தாண்டி, முப்பத்திரண்டாயிரத்தில் போய் நின்றது. அவள் என்னைப் பார்த்தாள். மானிட்டரை அணைத்தாள்.

"தொறந்துட்டியா?" என்று கேட்டாள்.

"ஏன்டி செஞ்ச?"

"பத்திரிகை அடிக்க ஒனக்கு எட்டு போதும். வியாழக்கிழமை வந்து செத்ததைக் கழட்டிட்டு, போர்டு போனதுல பாதி ரேமும் போச்சுன்னு சொல்லிருப்பேன். எனக்கு க்ளாஸ் நடத்தணும். மாமா முன்னாடி மெஷின் நின்னு நின்னு ஓடுனா மானம் போகும்."

"கேட்டிருந்தா நானே கழட்டிக் குடுத்திருப்பேனே."

"அதான் கேக்கல. எத்தன தடவதான் ஒன்கிட்டயே வாங்குறது?" என்றாள். பிறகு மெதுவாக, "நீ தொறப்பன்னு நான் நெனைக்கவே இல்லடி" என்றாள்.

திருடியதைக்கூட அன்றைக்கே மன்னித்திருப்பேன் என்று நினைக்கிறேன். என் பயத்தையும் கணக்கில் வைத்துக்கொண்டு செய்திருக்கிறாள் என்பதுதான் நெஞ்சில் தைத்தது. திருப்புளியைக் கேட்டேன். தந்தாள். அவள் பார்க்க அந்தப் பெட்டியைத் திறந்து, கையெழுத்துப் போட்ட அட்டைகளைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டேன். "டீ குடிச்சுட்டுப் போ" என்றாள், எப்போதும் போல. கைக்குட்டையை முடிந்து பைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.

புத்தகம் கொடியேற்றத்துக்கு முன்பே அச்சாகிவிட்டது. அவள் வரவில்லையா என்று அம்மா இரண்டு கிறிஸ்துமஸ் வரை கேட்டார். வேலை அதிகம் என்று சொல்லிவைத்தேன்.

ஒரு நாள் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் குரல் கேட்டது. யார் என்று தெரிந்ததும், புறப்பட்டுக்கொண்டிருந்த ஒரு பஸ்ஸில் ஏறிவிட்டேன். திருச்சுழி பஸ். அங்கே எனக்கு ஒரு வேலையும் கிடையாது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, வெயிலில் நடந்தே கடைக்கு வந்தேன்.