துடைப்பம் இல்லாத போன்

எங்கள் சொந்தத்தில் யார் போன் வாங்கினாலும் முதலில் என்னைத்தான் கேட்பார்கள். மொபைல் ஆப்களைச் சோதித்துத் தப்பு கண்டுபிடிப்பது என் வேலை. ஓ.எம்.ஆரில் ஒரு அலுவலகத்தில் பன்னிரண்டு வருடமாக அதைத்தான் செய்கிறேன். அதனால் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. யாராவது கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று ஆரம்பித்தால், அதை விடுங்கள், சாஃப்ட்வேர் ஸ்டாக்கா ஸ்கின்னா என்று பாருங்கள் என்று பாடம் எடுக்க உட்கார்ந்துவிடுவேன்.

ஸ்டாக் என்றால் சாஃப்ட்வேரை எழுதினவர்கள் கொடுத்தபடியே, மேலே எதையும் பூசாமல் வருகிற போன். ஸ்கின் என்றால் போனைச் செய்கிற கம்பெனி அதன்மேல் தன் ஜோடனை எல்லாம் ஏற்றி அனுப்புவது. ஜோடனையோடு விளம்பரமும் வரும், யாரும் கேட்காத விளையாட்டும் வரும். பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று, பின்னால் ஓடிக்கொண்டிருக்கிற ஆப்களைச் சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்தியும் விடும். இந்தக் கடைசி விஷயத்தால் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஆப் வேலை செய்யவில்லை என்று புகார் வரும். நாள் முழுக்க நோண்டினால் ஆப்பில் ஒரு குறையும் இருக்காது, போன்தான் அதை நிறுத்தியிருக்கும். இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், தெரியாமல் நடந்துவிட்டது என்று யாரும் எனக்காகப் பரிதாபப்படக் கூடாது.

அப்பாவும் அம்மாவும் கீழ்க்கட்டளையில் இருக்கிறார்கள். நான் மேடவாக்கத்தில். அப்பா ஒரு இன்ஜினீயரிங் காலேஜில் லேப் அசிஸ்டென்டாக இருந்து ரிட்டையர் ஆனவர். சுகர் வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது, இன்சுலின் போட்டுக்கொள்கிறார். சர்க்கரை இறங்கினால் மற்றவர்களுக்குக் கை நடுங்கும், வியர்க்கும். அப்பாவுக்கு அந்த அறிகுறி எல்லாம் நின்றுபோய்விட்டது. ஒரு நாள் குரோம்பேட்டை பஸ் ஸ்டாப்பில் அப்படியே சரிந்து விழுந்தார். குடித்துவிட்டுக் கிடக்கிறார் என்று நினைத்து ஜனங்கள் தாண்டிப் போயிருக்கிறார்கள். வாழ்க்கையில் பீடிகூடப் பிடிக்காத மனிதர். பூக்கார அக்கா ஒருத்தி முகத்தைப் பார்த்து அடையாளம் தெரிந்து சோடா வாங்கிக் கொடுத்ததால் பிழைத்தார்.

அதன் பிறகுதான் டாக்டர் சென்சார் வைக்கச் சொன்னார். கையின் மேல்பக்கம் நாணயம் மாதிரி ஒட்டிக்கொண்டு இருக்கும். சர்க்கரை அளவை அது போனுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். அளவு இறங்கினால் போன் அலறும், மேடவாக்கத்தில் என் போனும் அலறும். அப்பாவின் உடம்பு சொல்லாததை அந்தச் சத்தம் சொல்ல வேண்டும். அவர் உயிர் அந்தச் சத்தத்தில்தான் இருந்தது.

அதற்காக ஒரு ஸ்டாக் போன் வாங்கிக்கொண்டு போனேன். அப்பா அதை ஒரு வாரம்கூட வைத்துக்கொள்ளவில்லை.

"இன்னாம்மா இது, ஆஸ்பத்திரி சொவுரு மாதிரி வெறிச்னு கீது. போன்னா கொஞ்சம் கலர் கிலர் வாணாவா?"

பக்கத்து வீட்டுக்காரர் போனில் எழுத்து பெரிதாக இருக்கிறதாம். திறந்ததும் தமிழ்த் தேதி வருகிறதாம், பேசினதெல்லாம் தானாகவே ரெக்கார்ட் ஆகிறதாம். நான் கத்தினேன். அவரும் கத்தினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனபோது ஜி.எஸ்.டி. ரோட்டில் தானே போய் வாங்கிய ஸ்கின் போனை டேபிள்மேல் வைத்துக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே சென்சார் ஆப்பைப் போட்டுக் கொடுத்தேன். அந்த மாதிரி போனில் ஒரு ஆப் சாகாமல் இருக்க மூன்று இடத்தில் அனுமதி தர வேண்டும். ஒன்றைத் தந்தேன். அதற்குள் தண்ணி லாரி வந்து தெருவை அடைத்துக்கொண்டது, என் காரை எடுக்கச் சொல்லி ஹாரன் அடித்தார்கள். மீதியை அடுத்த வாரம் பார்க்கலாம் என்று விட்டேன். அடுத்த வாரம் மறந்துபோனது. அந்த மாதமே இரண்டு முறை, மத்தியான நேரத்தில், போன் சரியாக அலறியது. அப்பா ஜூஸ் குடித்துவிட்டு, "பாத்தியா, என் போனுக்கு இன்னா கொறச்சல்?" என்றார். நானும் நிம்மதியாகிவிட்டேன்.

அந்தப் போனில் ஒரு துடைப்பப் படம் இருந்தது. அம்மா அதில் சமையல் வீடியோ பார்ப்பாள், அப்போது கண்ணில் பட்டிருக்கிறது. நான் ஒரு ஆபீஸ் மீட்டிங்கில் இருக்கும்போது கூப்பிட்டாள்.

"ஏன்டி, அப்பா போன்ல தொடப்பம் மாதிரி ஒண்ணு கீதே, அது இன்னாடி?"

"அது போனைப் பெருக்குறதும்மா. அழுத்துனா சுத்தமாயிடும்."

"டெய்லி பெருக்கணுமா?"

"வீட்டை டெய்லி பெருக்குற இல்ல, அதே மாதிரிதான். வைம்மா, மீட்டிங்ல இருக்கேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அம்மா அதைச் சிரிப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

எங்கள் வீட்டில் விளக்கு வைப்பதற்கு முன் பெருக்கிவிட வேண்டும். வைத்த பிறகு துடைப்பத்தைத் தொட்டால் லட்சுமி போய்விடுவாள் என்பது அம்மாவின் கணக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் அங்கே இருந்தபோது பார்த்தேன். கூடத்தைப் பெருக்கி, வாசலைப் பெருக்கி, துடைப்பத்தைக் கதவுக்குப் பின்னால் சாத்திவிட்டு, கை கழுவிக்கொண்டு வந்து போனை எடுத்தாள். அந்தப் படத்தை ஒரு விரலால் அழுத்தினாள். திரையில் துடைப்பம் சுற்றி, எல்லாம் சுத்தம் என்று வந்தது. போனை வைத்துவிட்டுப் போய் விளக்கேற்றினாள்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மறுநாள் ஆபீசில் சாப்பிடும்போது சொன்னேன். எங்கள் அம்மா விளக்கு வைப்பதற்கு முன் போனையும் பெருக்கிவிடுகிறாள் என்றேன். டேபிளே சிரித்தது. அவர்களுக்கு அப்பாவின் சென்சாரைப் பற்றித் தெரியாது. எனக்குத் தெரியும். அந்தத் துடைப்பம் பின்னால் ஓடுகிற ஆப்களைத்தான் பெருக்கித் தள்ளும் என்பதும் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க மட்டும் தோன்றவில்லை. அவ்வளவு கெட்டிக்காரி.

அது ஒரு வெள்ளிக்கிழமை. அம்மா பெருக்கினாள், போனைப் பெருக்கினாள், விளக்கு வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போனாள். அப்பா மத்தியானம் சரியாகச் சாப்பிடவில்லை. நாற்காலியில் சாய்ந்து கண் மூடியிருந்தார். கோயிலில் கூட்டம், திரும்பி வர ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது. அசந்து தூங்குகிறார், எழுப்ப வேண்டாம் என்று அவள் சமையலறைக்குப் போனாள். தோசை ஊற்றி எடுத்துக்கொண்டு வந்து எழுப்பினாள். எழுந்திருக்கவில்லை. எனக்கு வந்தது அம்மாவின் போன்தான். அலாரம் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் அப்பாவை உள்ளே கொண்டுபோன பிறகு, வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அவர் போனைத் திறந்தேன். ஆப்பைத் தொட்டதும் சென்சார் தன்னிடம் சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் அனுப்ப ஆரம்பித்தது. திரையில் புள்ளி புள்ளியாக விழுந்தது. எழுபது, அறுபத்திரண்டு, ஐம்பது, நாற்பத்தொன்று. அதற்குக் கீழே எண் இல்லை, குறைவு என்று மட்டும் போட்டது. சென்சார் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறது, கேட்டுக்கொள்ள ஆப் உயிரோடு இல்லை. கீழே தொடர்பு அறுந்த நேரங்களின் பட்டியல் இருந்தது. தினமும், ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னே பின்னே. ராத்திரி சாப்பாட்டுக்கு முன் அப்பா சுகர் பார்க்க ஆப்பைத் திறக்கிறபோது மறுபடி உயிர் வந்திருக்கிறது. ஒவ்வொரு நாளும் விளக்கு வைத்ததிலிருந்து சாப்பாடு வரை அப்பாவுக்குக் காவல் இல்லை. அங்கேயே அந்தத் துடைப்பப் படத்தைத் திரையிலிருந்து எடுத்துவிட்டேன். அம்மா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள், கையில் கோயில் குங்குமப் பொட்டலத்தோடு.

சர்க்கரை இல்லாமல் மூளை ரொம்ப நேரம் இருந்துவிட்டது என்றார் டாக்டர். மூன்று வாரம் கழித்து அப்பாவை வீட்டுக்கு அழைத்து வந்தோம். அவரிடம் இப்போது சில வார்த்தைகள்தான் இருக்கின்றன. "தண்ணி" என்பார். "போலாம்" என்பார். எங்கேப்பா என்றால் முகத்தையே பார்ப்பார். தன் வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டு நாளெல்லாம் போலாம் போலாம் என்று கேட்கிறார்.

நான் அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. போன் ஏதோ ரிப்பேர் என்றேன். அவளுக்குத் தெரிந்தால் தாங்க மாட்டாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. அவளுக்குச் சொல்ல வேண்டுமென்றால் அழுத்தச் சொன்னது யார் என்பதையும், மீதி இரண்டு அனுமதியைக் கொடுத்திருந்தால் அந்தத் துடைப்பம் ஆப்பைத் தொட்டிருக்காது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சாயங்காலங்களில் அவள் பெருக்காமலே விளக்கு வைப்பதைப் பார்த்தேன். அப்பாவைப் பார்த்துக்கொள்கிற அசதி என்று நினைத்தேன்.

அந்தப் போனைத் தொடவே எனக்குப் பிடிக்கவில்லை. சென்சாருக்கு வேறு போன் வாங்கலாம் என்று கிளம்பினேன். பக்கத்து வீட்டம்மாவை அப்பாவோடு உட்கார வைத்துவிட்டு அம்மாவும் வந்தாள். அவள் கடைக்கெல்லாம் வருகிற ஆள் இல்லை. குரோம்பேட்டையில் அதே ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு பெரிய கடை. நான் ஸ்டாக் போன் கேட்டேன். கடைக்காரர் அதை எடுக்காமல் வேறொன்றை எடுத்து அம்மா பக்கம் திருப்பினார்.

"பெரியவங்களுக்கு இதாம்மா பெஸ்டு. எழுத்து பெருசு, தமிழ்த் தேதி வரும். இதோ பாருங்க, ஒரே டச், ஃபுல்லா க்ளீன் ஆயிடும்."

திரையில் துடைப்பம் சுற்றியது. அம்மா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"தொடப்பம் இல்லாத போன் குடுங்க சார்" என்றாள்.

அவர் சிரித்தார், நல்ல வசதியாச்சேம்மா என்றார். அம்மா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"ஆஸ்பத்திரில உக்காந்துகினு நீ அத மட்டும் எடுத்தியே. அப்பவே தெரிஞ்சுபோச்சு. அன்னிக்கி நான்தானே பெருக்குனேன்."

அவள் குரல் உயரவில்லை. இத்தனை நாள் இதைத் தனியாக வைத்துக்கொண்டு அப்பாவுக்கு வாய் துடைத்துவிட்டிருக்கிறாள், எனக்குக் காபி போட்டுக் கொடுத்திருக்கிறாள். என்னிடம் போன் பண்ணிக் கேட்டதையும் நான் தினமும் பெருக்கச் சொன்னதையும் அவள் சொல்லவில்லை. மறந்திருக்க மாட்டாள். மளிகைக்கடை பாக்கிக் காசைக்கூட மறக்காதவள். அதை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தைத் தன் மேல் எடுத்துக்கொண்டாள்.

நீ இல்லம்மா, நான்தான் என்று சொல்ல அதைவிட நல்ல சமயம் வரப்போவதில்லை. வாய் வரைக்கும் வந்தது. கடைக்காரர் ஸ்டாக் போன் இரண்டை எடுத்துக் கண்ணாடிமேல் வைத்தார்.

"கறுப்பு எடுத்துக்கலாமாம்மா, நீலமா?" என்று கேட்டேன்.