மறந்து குடித்த தண்ணீர்

அந்த ரமலானில் நான் நோன்பு பிடித்தது பயத்தில்தான். நெய்வேலி சுரங்கத்தில் பதினோரு வருஷமாகக் கான்ட்ராக்ட் வேலை. மாதக் கடைசியோடு நின்றுகொள் என்று கான்ட்ராக்டர் சொல்லிவிட்டார். ஒரு நோன்பு தவறினாலும் இறைவனும் கைவிட்டுவிடுவான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு பசித்திருந்தேன்.

இருபதாம் நோன்பன்று, கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்திய கரியை வாரிக்கொண்டிருந்தோம். வெயில் மண்டையைப் பிளந்தது. நோன்பு நாட்களில் எனக்கு முதுகைக் காட்டித் தண்ணீர் குடிக்கிற கூட்டாளி, அன்றைக்கு மறந்துபோய்ப் பாட்டிலை நீட்டினான். நானும் மறந்துபோய்ப் பாதியைக் குடித்துவிட்டேன்.

“ஐயோ பாய், நோன்பாச்சே” என்றான். அவன் முகம் செத்துப்போயிற்று. இந்த ஒன்றைக்கூட ஒழுங்காகச் செய்ய வக்கில்லையே என்று என்மேலேயே ஆத்திரமாக வந்தது. அழுகையை அடக்கிக்கொண்டு மனைவிக்குப் போன் செய்தேன்.

“மறந்து குடிச்சா நோன்பு முறியாதுங்க. அது அல்லாஹ் உங்களுக்குக் கொடுத்த தண்ணி. மீதிப் பொழுதுக்கும் நோன்பைப் பிடிங்க” என்றாள்.

வேலை போகத்தான் போகிறது. ஆனால் என் தப்புக்காகக் காத்திருக்கிறான் என்று நான் யாரை நினைத்து நடுங்கினேனோ அந்த இறைவன், என் தாகத்தை அல்லவா பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். மறுபடி மண்வெட்டியை எடுத்தேன்.

சாயங்காலம் நோன்பு திறக்கப் பாங்கு சொன்னபோது, அதற்குள்ளாகவா என்றிருந்தது.