பிளக்குக்குள் தொண்ணூறு வாட்

அக்கா பிள்ளை பெற்றுப் பதினோரு நாளாகியிருந்தது. பாலோ என்ற சிற்றூரில் எங்கள் வீட்டில் தினமும் மாலை நான்கு மணிக்கு அவளுக்கு வெந்நீர்க் குளியல். அம்மா பானை பானையாகக் காய்ச்சித் தூக்குவதைப் பார்க்க முடியாமல் நான்தான் குளியலறையில் ஹீட்டர் மாட்டிக் கொடுத்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளியின் ஐந்தாம் படிவம் தாண்டிய முதல் ஆள் நான். குளுவாங்கில் ஒரு பயிற்சிக் கல்லூரியில் மின்துறை, முதலாண்டு. வயர்மேனைக் கூப்பிடலாமே என்று அப்பா இழுத்தபோது அம்மா ஒரே பேச்சில் முடித்துவிட்டார். "வீட்டுலயே ஒருத்தன் படிக்கிறான், வெளிய எதுக்கு ஆளு?"

அந்த ஹீட்டருக்குத் தனி லைன் இழுக்க வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது. சாதாரண மூன்று கால் பிளக் ஒன்றை மாட்டி, குளியலறைக்கு வெளியே இருந்த சாக்கெட்டில் செருகினேன். தண்ணீர் சுட்டது. பிளக்கின் பதின்மூன்று ஆம்பியர் பியூஸும் போகவில்லை. பியூஸ் போகாவிட்டால் எல்லாம் சரி என்று நம்பிக்கொண்டேன்.

அன்று மூன்று மணி வகுப்பில் ஒரு பயிற்சித்தாள் கொடுத்தார்கள். ஹீட்டர் ஒன்று 240 வோல்ட்டில் 15 ஆம்பியர் இழுக்கிறது. மின்தடை எவ்வளவு, மின்திறன் எவ்வளவு? வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தேன், 16 ஓம். இரண்டையும் பெருக்கினேன், 3600 வாட். எழுதிய பிறகுதான் அந்த எண்ணைப் பார்த்தேன். எங்கள் ஹீட்டரின் ஸ்டிக்கரிலும் அதேதான். அப்படியென்றால் எங்கள் வீட்டிலும் பதினைந்து ஆம்பியர். பதின்மூன்றுக்குச் செய்த பிளக்கில்.

அடுத்த கேள்வி இன்னும் மோசம். அதே பதினைந்து ஆம்பியர் ஓடும்போது, ஸ்க்ரூ தளர்ந்த பிளக்குக்குள் மட்டும் 6 வோல்ட் விழுகிறது. வகுத்தால் 0.4 ஓம். அரை ஓம்கூட இல்லை. பெருக்கினால் தொண்ணூறு வாட், அத்தனையும் பிளக்குக்குள்ளேயே சூடாக.

பக்கத்தில் இருந்த நண்பன் என் தாளை எட்டிப் பார்த்தான். "தொண்ணூறா? அலமாக்! ஈயம் உருக்குற நம்ம சோல்டரிங் அயனே அறுவதுதான்லா. அந்தப் பிளக்குல முட்ட பொரிக்கலாம்."

"எவ்ளோ நேரம் தாங்கும்?"

"எது?"

"அந்தப் பிளக்கு."

"அது கேள்வியிலயே இல்லயே மச்சான்."

நாங்கள் குளித்தால் ஐந்து நிமிடம். பிள்ளை பெற்றவளுக்கு அரைமணி நேரம், அதுவும் கொதிக்கக் கொதிக்க. சாக்கெட்டுக்குப் பக்கத்திலேயே ஸ்பிரிங் தொட்டில். தலைக்கு மேலே கொடியில் குழந்தைத் துணிகள்.

அம்மாவுக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. அக்காவும் எடுக்கவில்லை. குழந்தை தூங்குகிறது என்று இரண்டு பேருமே போனைச் சத்தமில்லாமல் வைத்திருப்பார்கள். அப்பா செம்பனை ஆலையில், போன் லாக்கரில். மணி மூன்று இருபத்தைந்து. விரிவுரையாளரிடம் வீட்டில் அவசரம் என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தேன்.

செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று முன்னால் ஊர்ந்தது. எதிரே வண்டிகள் வந்துகொண்டே இருந்ததால் முந்த முடியவில்லை. அதன் பின்னால் கணக்கைக் குறைத்துப் பார்த்துக்கொண்டே போனேன். என் பிளக் தளர்வாக இல்லாவிட்டால்? இரண்டே வோல்ட் விழுந்தால் முப்பது வாட்தானே? பிறகு மாட்டிய நாளை நினைத்தேன். மூன்று ஸ்க்ரூவில் இரண்டை இறுக்கியது ஞாபகம் வந்தது. மூன்றாவதுக்கு வரும்போது, பிள்ளையைக் கொஞ்சம் பிடி என்று அக்கா கூப்பிட்டாள். பிடித்தேன். திரும்பி வந்து மூடியை மூடினேன். நடுவில் அதை இறுக்கினேனா? எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

வாசலிலேயே தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. ஓடிப் போய் மெயின் சுவிட்சை இறக்கினேன்.

"ஐயோ! யாரு அது?" உள்ளிருந்து அக்கா கத்தினாள். "தல நெறைய சீயக்கா! பச்சத் தண்ணியா கொட்டுது!"

பிளக்கின் ஒரு பக்கம் பழுப்பேறி உப்பியிருந்தது. துணியைச் சுற்றி இழுத்தேன்; சாக்கெட்டின் முகமும் அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது. துணிக்குள்ளும் விரல் சுட்டது. அப்போதுதான் கவனித்தேன், தொட்டில் அங்கே இல்லை. முன்னறையில் அம்மா அதை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"தொட்டில யாரும்மா மாத்துனா?"

"நான்தான். மூணு நாளா அங்க மீனு கருகுன மாதிரி ஒரு வாட. புள்ளைக்கு ஆகாதேன்னு இன்னிக்கு இங்க கட்டுனேன்."

"மூணு நாளாவா? என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ மாட்டுனதுப்பா. படிச்சவன் செஞ்சதுக்கு நான் என்னத்த சொல்ல?"

சுவரில் சாய்ந்துகொண்டேன். அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குளியலறைப் பக்கம் குரல் கொடுத்தார். "ஒன்னுமில்லடி, சாக்கெட்டு பழசு!"

"சாக்கெட் இல்லம்மா. நான் மாட்டுனதே தப்பு. வீடு எரிஞ்சிருக்கும்." அக்காவுக்கும் கேட்கட்டும் என்று உரக்கவே சொன்னேன்.

உள்ளிருந்து அக்காவின் குரல் வந்தது. "யாரு தப்பா இருந்தாலும் சரி, மொதல்ல ஒரு வாளி சுடுதண்ணி கொண்டாங்க!"

அம்மா கேஸ் அடுப்பில் பானையை ஏற்றினார். ராத்திரிச் சோற்றுக்கு அரிசி கழுவிப் போட்டு, ரைஸ் குக்கரின் மூடியில் கை வைத்தவர் அப்படியே நின்றார்.

"அப்ப இது? இதுக்கும் நீதான பிளக்கு மாத்துன?"

குக்கர் எழுநூறு வாட். 240-ஆல் வகுத்தால் மூன்று ஆம்பியர்கூட வராது. அது ஒன்றும் ஆகாது என்று வாய்வரை வந்துவிட்டது.

"தெரியலம்மா. தொறந்து பாத்தாதான் சொல்ல முடியும்."

அம்மா குக்கரிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.