வெர்லின் ஹாஸ்கெட் சொன்ன இடம்

எல்க் என்கிற பெரிய மானை வேட்டையாடும் அனுமதிக்கான குலுக்கலில் பெயர் விழுந்த செய்தியை வெர்லின் ஹாஸ்கெட்டுக்குப் போன் போட்டுச் சொன்னவள் நான்தான். ராணுவ முகாமின் தெற்கு வாசலில், வேட்டைக்காரர்கள் உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் பெயர் கொடுக்கிற சாவடி என்னுடையது. சட்டப்படி ராணுவத்தினுடையது. ஆனால் அங்கே அடுப்புக்கு விறகு போடுவது நான், கழிப்பறை கழுவுவதும் நான், அதனால் என்னுடையது என்றுதான் சொல்லுவேன்.

"வெர்லின், நடீன் பேசுறேன். உங்களுக்கு எல்க் விழுந்திருக்கு."

"ஏம்மா, கிண்டல் பண்ண காலங்காத்தால வேற ஆள் கிடைக்கலையா?"

"சத்தியமா. கொம்பு வச்ச ஆம்பள எல்க். அக்டோபர்ல அஞ்சு நாள்."

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் தரையில் விழுந்து உருண்டது. "சரிம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

முடி கறுப்பாக இருந்த காலத்திலிருந்து வருஷம் தவறாமல் விண்ணப்பம் போட்டு வந்தவர். கொலராடோவின் இந்தத் தெற்கு மூலையில் எல்க் வேறு எங்கேயும் இல்லாமல் இல்லை. ஆனால் முகாமுக்குள் இருப்பவை வேறு ஜாதி. பீரங்கி வெடித்தால் தலையைக்கூடத் தூக்காது, அது பாட்டுக்குப் புல் மேயும். ஒரு மனுஷன் இருமினால் போதும், குதிரை உயர உடம்பு புகை மாதிரி மறைந்துவிடும். அதை வேட்டையாட வருஷத்துக்குச் சில பேரைத்தான் உள்ளே விடுவார்கள்.

வெர்லின் அந்த முகாமிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டாங்கிகள் சுட்டுப் பழகுகிற பலகைகளைப் பழுது பார்க்கும் வேலை. சுட்டு முடித்ததும் லாரியை எடுத்துக்கொண்டு தன்னந்தனியாகப் போய், உடைந்ததை எடுத்துவிட்டுப் புதுப் பலகை நட்டு வருவார். பேச்சுத்துணைக்கு ரேடியோ பெட்டிதான். அப்படி ஒரு தரம் ஏழாம் பகுதியில், மேற்குச் சரிவில் ஒரு குட்டைக்கு மேலே, பைன் மரங்களுக்கு நடுவில் அந்தக் கூட்டத்தைப் பார்த்திருக்கிறார். அப்புறம் போகும்போதெல்லாம் பார்த்திருக்கிறார். ஏழாம் பகுதியில் அந்தக் காலத்தில் வேட்டைக்கு அனுமதி கிடையாது. அவர் ஓய்வு பெற்றுப் பல வருஷம் கழித்து, இந்த வருஷம்தான் திறந்துவிட்டார்கள்.

மனைவி மார்லிஸ் இறந்து நாலு வருஷம். மகள் ஃப்ளோரிடாவில் இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவாள். வீட்டில் ஒரு நாய்கூட இல்லை. அந்தக் கோடை முழுக்க அவர் சமையலறை மேஜையில் முகாம் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, அதன் ஓரத்திலேயே தட்டை வைத்துச் சாப்பிட்டார். நான் ஒருநாள் போனபோது எனக்கும் காட்டினார்.

"விடியக்காலைல காத்து மேலேர்ந்து கீழ இறங்கும். அதனால நாம கீழேர்ந்து ஏறணும். வெயில் வந்ததும் காத்து திரும்பிரும், அதுக்குள்ள இந்தப் பாறைகிட்ட போய் உக்காந்திரணும். சுட்டாச்சுன்னா கறியச் சுமக்க ஆளுக்கு ரெண்டு நடை. ஒரு தொடை ஒரு சிமெண்டு மூட்டை கனம் இருக்கும், பாத்துக்க."

"ஆளுக்குன்னா?"

"ரெண்டு பேருக்கு."

மூலையில் கறி சுமக்கிற முதுகுச் சட்டம் இரண்டு சாத்தியிருந்தது. வேட்டைக்காரர்கள் பளிச்சென்று தெரியப் போடுகிற ஆரஞ்சுச் சட்டையும் இரண்டு. முகாமுக்குள் ஒற்றை ஆளாக வேட்டைக்குப் போக விடமாட்டோம். வெடிக்காத குண்டு எங்கே புதைந்து கிடக்கிறதோ தெரியாது, காலை வைத்தால் வந்து சொல்ல ஒரு ஆள் வேண்டும். கூட வருகிறவன் துப்பாக்கி எடுக்க வேண்டியதில்லை, முகாமின் நுழைவுச் சீட்டு வைத்திருந்தால் போதும். மீன் பிடிக்க, விறகு வெட்ட என்று ஊரில் பாதிப் பேரிடம் அது இருக்கிறது.

"யாரு வர்றா உங்க கூட?" என்று கேட்டேன்.

"ஆளா கிடைக்காது? எல்க்குய்யா!" என்றார். நான் ஐயா இல்லை என்பதே அவருக்கு மறந்துவிட்டது, அவ்வளவு குஷி.

இங்கேதான் மனிதர் தப்புக் கணக்குப் போட்டார். எங்கள் ஊரில் எல்க் இருக்கும் இடத்தை யாரும் யாருக்கும் சொல்லமாட்டார்கள். அது பெரிய குற்றமில்லை, மரியாதை என்றே வைத்துக்கொள்ளலாம். எங்கே சுட்டாய் என்று கேட்டால் "அந்தப் பக்கம்" என்று கையை ஒரு சுற்றுச் சுற்றுவார்கள், கேட்டவனும் தலையாட்டிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவான். வெர்லின் அதோடு நிறுத்தியவரில்லை. அவர் ஜோடித்துச் சொல்லுவார். இடிந்த கொட்டகையில் இடது பக்கம் திரும்பு, பட்டுப்போன மரம் வரும், அதற்குக் கீழே பதினோரு எல்க் நேற்றுத்தான் பார்த்தேன் என்பார். கொம்பு எத்தனை கிளை என்றுகூடச் சொல்லுவார். போனவன் நாள் பூராவும் நடந்து முயல்கூடப் பார்க்காமல் திரும்பி வருவான். வெர்லின் காபிக் கடையில் உட்கார்ந்து தொடையில் தட்டிச் சிரிப்பார்.

அப்படி ஏமாந்தவர்களில் டயர் கடை எலோய் அர்ச்சுலெட்டாவின் கதை ஊருக்கே தெரியும். வெர்லின் சொன்ன வறண்ட ஓடைக்கு மச்சானைக் கூட்டிக்கொண்டு போய், கல்லில் ஏறி இரண்டு டயரும் கிழிந்து, பனியில் நடந்தே ஊர் வந்து சேர்ந்தான். டயர் கடைக்காரன் டயர் கிழிந்து நடந்து வந்த கதையை விடுமா ஊர்? எலோயின் தலை நரைத்த பிறகும், "என்னப்பா, இன்னிக்கு வண்டியா நடையா?" என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஆகஸ்ட் மாதத்திலிருந்து வெர்லின் ஆள் தேட ஆரம்பித்தார். சர்ச்சில் கேட்டார். பழைய படைவீரர் சங்கத்தில் கேட்டார். யாரும் மசியவில்லை என்றதும், வாழ்நாளில் செய்யாததைச் செய்தார். என் சாவடிக்கு வந்து, பத்துப் பேர் பார்க்க, சுவரில் இருந்த பெரிய வரைபடத்தில் விரலை வைத்தார்.

"ஏழாம் பகுதி. இந்தக் குட்டைக்கு மேல. மொத்தக் கூட்டமும் இங்கதான் இருக்கு. வாங்கப்பா எவனாவது."

சாவடி குலுங்கச் சிரிப்பு.

"நடீன், அந்த எடத்துல ஒரு பெருக்கல் குறி போட்டு வை. அங்க ஒண்ணும் இல்லன்னு இப்ப உறுதியாயிருச்சு!"

"வெர்லின் வாயத் தொறந்து சொல்றாருன்னா எறும்புகூட இருக்காதுடா!"

வெர்லினும் சிரித்தார். விரலை மட்டும் எடுக்கவில்லை. எல்லோரும் போன பிறகும் அப்படியே நின்றிருந்தார். நான் என்ன செய்ய? சீசன் ஐந்து நாளும் சாவடியை விட்டு நான் நகர முடியாது. என்னையும் கூப்பிட்டுப் பார்த்தார் பாவம்.

சீசன் சனிக்கிழமை தொடங்கியது. விடியுமுன் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். வேறு யாராவது ஜோடி இல்லாமல் வந்தால் சேர்ந்து போகலாம் என்று கணக்கு. எல்லோரும் ஜோடியோடுதான் வந்தார்கள். வெடிக்காத குண்டைத் தொடாதே என்கிற படத்தை வருஷா வருஷம் எல்லோருக்கும் போட்டுக் காட்டுவது என் தலையெழுத்து. ஒவ்வொரு கும்பலுக்கும் போட்டேன், ஒவ்வொரு கும்பலோடும் அவர் உட்கார்ந்து பார்த்தார். மதியம் பையிலிருந்து இரண்டு சாண்ட்விச் எடுத்து ஒன்றை என்னிடம் நீட்டினார்.

"ரெண்டா எதுக்குக் கட்டிட்டு வந்தீங்க?"

"வர்றவனுக்கு."

ஞாயிறும் அப்படித்தான், திங்களும் அப்படித்தான். கடுகுச் சாந்து தூக்கலாகத் தடவிய அந்த ரொட்டியை நான்தான் தின்றேன். வெளியே வண்டிகள் கொம்பும் கறியுமாகத் திரும்பின. அவர் எழுந்து போய் ஒவ்வொரு கொம்பையும் தடவிப் பார்த்து, "நல்ல மிருகம், நல்ல மிருகம்" என்று பாராட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். செவ்வாய்க்கிழமையும் ரொட்டி என்னிடமே வந்தது. சாயங்காலம் சாவடியை மூடிவிட்டு நேராக டயர் கடைக்குப் போனேன்.

எலோய் ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தான். அவன் காலைப் பார்த்துத்தான் பேச வேண்டியிருந்தது.

"எலோய், நாளைக்குக் கடைசி நாள். நீ அவர் கூடப் போகணும்."

"எவர் கூட?"

"நடிக்காத."

"நான் போகமாட்டேன் நடீன். என் மச்சான் செத்ததுக்கு வந்தவனுங்ககூட டயர் கதையத்தான் பேசுனானுங்க. பொணத்தப் பக்கத்துல வச்சுக்கிட்டு!"

"அவரு தினம் ரெண்டு பேருக்குச் சாப்பாடு கட்டிட்டு வந்து உக்காந்திருக்காரு. நாலு நாளா. ஒருத்தனும் இல்ல. வேற யார்கிட்டப் போய்க் கேக்கச் சொல்ற?"

அவன் நட்டு முறுக்க ஆரம்பித்தான். நான் திட்டிவிட்டு வந்துவிட்டேன். என்ன திட்டினேன் என்று எழுதினால் நன்றாக இருக்காது.

புதன்கிழமை விடியும் நேரத்தில் எலோயின் வண்டி வாசலில் நின்றது. உள்ளே வந்தவன் வெர்லினைப் பார்க்காமல் என்னைப் பார்த்துப் பேசினான்.

"நாலு டயரும் புதுசு. கூடுதலா ரெண்டு பின்னால கெடக்கு. யோவ் வெர்லின், எந்திரி."

வெர்லின் எழுந்த வேகத்தில் தெர்மாஸ் பிளாஸ்க் கவிழ்ந்தது. அதை நிமிர்த்தாமல் ஆரஞ்சுச் சட்டையை எலோயிடம் நீட்டினார்.

மலையில் என்ன நடந்தது என்பதை, குளிர்கால டயர் மாட்டப் போனபோது எலோய் எனக்குச் சொன்னான். அப்போதும் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டுதான் சொன்னான்.

திட்டத்தில் ஒரு குறை இல்லையாம். காற்றுக்கு எதிராக ஏறினார்கள், வெயில் வருவதற்குள் பாறையை அடைந்தார்கள். வெர்லின் வாயில் விரலை வைத்து, குனியச் சொல்லி, பாறை விளிம்பிலிருந்து கீழே கையைக் காட்டினார். கீழே குட்டை இல்லை. வெடித்துப்போன சேறு, அதில் முளைத்த முள். தண்ணீர் வற்றி எத்தனை வருஷம் ஆயிற்றோ. புழுக்கை இல்லை, குளம்படி இல்லை. மதியம் வரைக்கும் காத்திருந்தார்கள், ஒரு மானும் வரவில்லை.

"அந்த ஆளு மூஞ்சியப் பாக்கணுமே நடீன். 'எலோய், நெசமாத்தான் சொன்னேன், இங்கதான் இருந்துச்சு'ன்னு ஒரே பேச்சு. 'மார்லிஸ் மேல சத்தியமா'ன்னாரு. எனக்கு வந்த கோபத்துல எதுவும் பேசாம எந்திரிச்சு நடந்துட்டேன். வண்டிக்குத்தான் போறேன்னு நெனச்சிருப்பாரு. வண்டிக்குத்தான் போனேன்."

காலையில் இருட்டோடு ஏறி வந்த மரங்களுக்கு நடுவே இறங்கும்போது ஒரு பைன் மரத்தில் கை ஊன்றியிருக்கிறான். கை பள்ளத்தில் போய் உட்கார்ந்தது. அவன் தலைக்கு மேல் வரை பட்டை உரிந்து, காயம் ஆறி, பிசின் வழிந்து கண்ணாடி மாதிரி இறுகியிருந்தது. ஆண் எல்க் கொம்பைத் தேய்த்த தடம், ரொம்பப் பழசு. பக்கத்து மரத்திலும் இருந்தது. திரும்பிப் பார்த்தால் சரிவு முழுக்க ஒரு மரம் பாக்கி இல்லை.

"திரும்பி மேல ஏறிப் போனேன். பாறைல அப்படியே உக்காந்திருந்தாரு. 'யோவ், எத்தனைய்யா இருந்துச்சு இங்க?'ன்னு கேட்டேன். அழுதுட்டாரு நடீன். அப்புறம் ஒவ்வொண்ணா, எந்த வருஷம் எது வந்துச்சு, எதுக்கு ஒத்தக் கொம்பு, எது குட்டியக் கூட்டிட்டு வந்துச்சுன்னு சொல்ல ஆரம்பிச்சாரு. எல்லாம் இத்தன வருஷமா உள்ளயே கெடந்திருக்கு. மார்லிஸ் ஒரு தரம் கேட்டாளாம், 'என்னையும் கூட்டிட்டுப் போய்க் காட்டேன்'னு. 'அங்க ஒண்ணுமில்ல, பலகைதான்'னு சொல்லிட்டாராம். அவகிட்டகூடச் சொல்லல."

அன்று சாயங்காலம் இருட்டும் நேரத்தில் இரண்டு பேரும் சாவடிக்கு வந்தார்கள். முதுகுச் சட்டம் இரண்டும் வெறுமையாக இருந்தது. உள்ளே ஏழெட்டுப் பேர் அடுப்பைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள், இந்தக் கூத்தின் முடிவைப் பார்க்கத்தான் வேலையை விட்டு வந்திருந்தார்கள். வெளியே வருகிறவர்களிடம் நான் கேட்டாக வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. வெர்லின் முகத்தைப் பார்த்தபோது கேட்க மனசு வரவில்லை. ஆனால் எல்லோர் காதும் அங்கேதான் இருந்தது.

"எல்க் எதுவும் பாத்தீங்களா?"

வெர்லின் வாயைத் திறந்தார். எலோய் முந்திக்கொண்டான்.

"பாத்தோம்."

அடுப்புப் பக்கத்தில் சிரிக்கத் தயாராக இருந்த ஒருத்தன் நிமிர்ந்தான்.

"எத்தனை?" என்று கேட்டான்.

"எண்ணி மாளல. ஒரு சரிவு முழுக்க."

"எங்கேடா எலோய்?" என்று அடுப்புப் பக்கத்திலிருந்து மூன்று குரல் ஒன்றாகக் கேட்டது.

எலோய் ஆரஞ்சுச் சட்டையைக் கழற்றி மடித்து வெர்லின் கையில் கொடுத்தான். பிறகு அவர்கள் பக்கம் திரும்பி, கையைக் காற்றில் ஒரு சுற்றுச் சுற்றினான்.

"அந்தப் பக்கம்" என்றான்.