ராக்காயி வைத்த குங்குமமும் பதினோரு தேங்காயும்

ஈப்போவில் ஒரு கம்ப்யூட்டர் செத்துப்போனது என்றும், அதைக் கொன்றது ஒரு சிட்டிகைக் குங்குமம் என்றும் போன தீபாவளி சமயத்தில் பேராக் மாநிலம் முழுவதும் பேச்சாக இருந்தது. சுங்கை சிப்புட்டில் நான் கேட்டபோது அது வெறும் குங்குமம்தான். தாப்பா பஸ் நிலையத்துக்கு வந்து சேர்வதற்குள் ஒரு செம்புப் பாலாகிவிட்டது. கமுந்திங்கில் ஒருவர், பெட்டிக்குள் கற்பூரத்தைக் கொளுத்திப் போட்டதாகவும் திரையில் முனியாண்டி சுருட்டோடு வந்து நின்றதாகவும் என்னிடம் சத்தியம் செய்தார். எல்லா ஊரிலும் மாறாமல் இருந்தது கொன்றவளின் பெயர் ஒன்றுதான். ராக்காயி. சங்க ஆபீசைக் கூட்டிப் பெருக்குகிறவள்.

ஒரு வதந்தியில் எல்லாமே மாறி, கூட்டுகிறவளின் பெயர் மட்டும் மாறாமல் இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். சின்ன ஆள் பெயரை யாரும் மறப்பதில்லை. பெரிய ஆள் பெயர்தான் அடுத்த ஊருக்குப் போவதற்குள் காணாமல் போகும். எனவே பஸ் ஏறினேன். சம்பந்தப்பட்டவர்களில் மூன்று பேரைத் தனித்தனியாகக் கேட்டேன். மூவரும் ஒரே கதையைச் சொன்னார்கள். நம் சமூகத்தில் இது அபூர்வம் என்பதால் எழுதுகிறேன்.

ராக்காயிக்கு ஐம்பத்திரண்டு வயது. சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். பதினாலு வயதில், மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் பால்வெட்டு வேலைக்குப் போனார். இருபத்திரண்டு வருடம் வெட்டினார். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது எல்லாரோடும் வெளியேறி, கணவர் மாயாண்டியோடு ஈப்போ புந்தோங்குக்கு வந்தார். மாயாண்டி லோரிக்குக் கல் ஏற்றும் வேலைக்குப் போனார். எண்பத்தோராம் ஆண்டு, சைக்கிளில் வீட்டுக்கு வரும் வழியில், ஏற்றிய லோரிகளில் ஒன்றே அவரை அடித்துப்போட்டது.

மாயாண்டி ஒரு மரண சகாய நிதிச் சங்கத்தில் உறுப்பினர். தோட்டத்து ஆட்கள் மாதச் சந்தா கட்டுவார்கள். ஒருவர் செத்தால் குடும்பத்துக்குச் சங்கம் ஒரு தொகை கொடுக்கும். அந்தத் தொகையைத் தலைவர் பத்துமலை தம் கையாலேயே ராக்காயியிடம் கொடுத்தார். போட்டோக்காரர் 'இன்னொரு தடவை' என்றதால் இரண்டு முறை கொடுத்தார். அந்தப் படம் சட்டம் போட்டுச் சங்க ஆபீஸ் சுவரில் தொங்குகிறது. அதில் தலைவர் சிரிக்கிறார். ராக்காயி உறையைப் பார்க்கிறார். ஏற்கெனவே அங்கே கூட்டிப் பெருக்கிக் கோப்பி கலக்கிக்கொண்டிருந்தவர் என்பதால், மறுநாளிலிருந்து அந்தப் படத்தைத் துடைக்கும் வேலையும் அவருக்குச் சேர்ந்தது.

எண்பத்தைந்தில் அந்தப் படத்துக்கு நேர் கீழே கம்ப்யூட்டர் வந்து உட்கார்ந்தது. தலைவர் மாலை போட்டார். டைப்பிஸ்ட் மங்களம் பழைய பேரேடுகளைப் பிரித்து வைத்துக்கொண்டு, சங்கம் தொடங்கிய நாளிலிருந்து வந்த பெயர் அத்தனையையும் எட்டு மாதம் உட்கார்ந்து ஏற்றினார். முதல் வருடம் ஓடியது. இரண்டாம் வருடம் நடந்தது. மூன்றாம் வருடம் நகர்ந்தது. ஒருவர் சந்தா கட்ட வந்தால், மங்களம் எண்ணை அழுத்திவிட்டு, வந்தவரின் பிள்ளைகளைப் பற்றி விசாரித்து, மருமகள்களைப் பற்றியும் விசாரித்து முடித்த பிறகுதான் பெயர் திரைக்கு வரும். சில நாள் அப்படியே உறைந்து நிற்கும். எந்தக் கட்டையை அழுத்தினாலும் அசையாது. சுவிட்சை அணைத்து மறுபடி போட வேண்டும். காலையிலிருந்து தட்டியது எல்லாம் போயிருக்கும்.

இது ஒரு வருடமாக எல்லாருக்கும் தெரியும். தலைவருக்கும் தெரியும். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்குக் கோபம் வந்தது இங்கேதான்.

எண்பத்தெட்டு அக்டோபர், ஆயுத பூசை. தோட்டத்தில் பால் வெட்டும் கத்தியையும் பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தையும் வாளியையும் கழுவி வைத்துக் குங்குமம் இட்ட பழக்கம் ராக்காயியுடையது. சங்க ஆபீசிலும் ஒன்பது வருடமாக அதைச் செய்துவந்தார். டைப்ரைட்டருக்கு வைத்தார், அது அடித்தது. தொலைபேசிக்கு வைத்தார், அது பேசியது. அந்த வருடமும் வழக்கம்போல் கம்ப்யூட்டர் பெட்டியின் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தார். மறுநாள் காலையில், அந்த மாதத்தில் ஏழாவது முறையாக, அது உறைந்து நின்றது. கமிட்டிக்காரர்கள் உறுப்பினர் பட்டியல் கேட்டு வந்து காத்திருந்த நேரம். தலைவருக்கு அவசரமாக ஒரு காரணம் தேவைப்பட்டது. சுற்றிலும் பார்த்தார். பொட்டு தெரிந்தது.

"தாலியறுத்தவ கையால குங்குமம் வச்சா மெசின் எப்படி வெளங்கும்?" என்றார் அவர்.

அவ்வளவு பேர் முன்னால். அந்தப் படத்துக்குக் கீழே நின்றுகொண்டு. வேலையிலிருந்து அன்றைக்கே நிறுத்தினார். பூசைத் தாம்பாளத்தைக்கூட 'சாட்சியம்' என்று அலமாரியில் வைத்துப் பூட்டினார். கமிட்டியில் இருந்த ஒன்பது பேரும் கோப்பியைக் குடித்து முடித்தார்கள். அதைக் கலக்கியது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஐந்தாம் நாள், பழுது பார்க்க ஆம்புரோஸ் வந்தார். டவுனில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறவர். அதே நேரம் தாம்பாளத்தைக் கேட்டு ராக்காயியும் படியேறி வந்து, வாசலோர பெஞ்சில் உட்கார்ந்தார். தலைவர் சாவியைத் தேடுவதுபோல் தேடிக்கொண்டிருந்தார்.

ஆம்புரோஸ் பெட்டியைத் திறந்தார். உள்ளே தூசி, ஒரு பல்லி முட்டை. காற்றாடி சுற்றியது. ஒரு பஞ்சை நனைத்துத் துடைத்துப் பார்த்தார்.

"குங்குமம் வெளிய தகரத்துலதான் இருக்கு. உள்ள ஒரு பொட்டு இல்ல. இதனால ரோசாக் ஆகல, கெட்டுப்போகல தலைவரே."

"தம்பி, நீங்க வேதக்காரங்க. இதெல்லாம் ஒங்களுக்குப் புரியாது."

"ஸ்குரூ எல்லாச் சாமிக்கும் ஒரே பக்கந்தான் லா திரும்புது."

தலைவருக்குச் சூடேறியது. "குங்குமம் இல்ல, வேற காரணம்னு நீங்க காட்டுங்க. புந்தோங் முச்சந்தி முனியாண்டிக்கு நானே பதினோரு தேங்கா ஒடைக்கிறேன். இது சத்தியம்!"

பெஞ்சிலிருந்து குரல் வந்தது. "மங்களம், எழுதி வச்சுக்க. பதினொண்ணு."

ஆம்புரோஸ் பெட்டியை மூடி, ஓடவிட்டு, பெயர்களைச் சேர்த்து வைக்கும் டிஸ்க்கில் எவ்வளவு இடம் மிச்சம் என்று பார்த்தார். ஏறக்குறைய ஒன்றுமில்லை.

"பேர வரிசையா அடுக்கணும்னா ஒதுக்கி வைக்க எடம் வேணும். சீட்டு வெளையாடுறப்ப மேச இல்லாட்டி என்னா செய்வீங்க? கையில வச்சிக்கிட்டு முழிப்பீங்க. அதான் இதுவும் முழிக்கிது. சங்கத்துல எத்தன பேரு?"

"ஆயிரத்து எண்ணூறு இருக்கும்," என்றார் தலைவர்.

"மெசின் நாலாயிரத்து எரநூத்துப் பதிமூணுன்னு சொல்லுது."

ஆம்புரோஸ் சுங்கை சிப்புட் கிளையின் பெயர்களைத் திரைக்குக் கொண்டுவந்து ஒவ்வொன்றாகப் படித்தார்.

"சன்னாசி."

"செத்துட்டாரு," என்றார் பெஞ்சிலிருந்த ராக்காயி.

"இருளாயி."

"அதுவும் போயிருச்சு. எழுவத்தொம்போதுல. காமாலை."

"கருப்பம்மாள்."

"எந்தக் கருப்பம்மா? அஞ்சாம் லயத்துக் கருப்பம்மாவா? எரிச்ச எடத்துல புல்லு மொளச்சிருச்சு தம்பி."

"சீனி."

"சீனி இருக்காரு. ஆனா காது கேக்காது."

ஆம்புரோஸ் நாற்காலியைத் திருப்பினார். "மங்களம், செத்தவங்கள ஏன் எடுக்கல?"

மங்களம் அழுகிற நிலையில் இருந்தார். "எடுக்கணும்னா, அழிக்கவான்னு கேக்குதுண்ணே. நான் ஒய் எழுத்த அழுத்தணும். அவங்கவங்க மகன் கொள்ளி வச்சு முடிச்சாச்சு. பொம்பள நான் ரெண்டாவது கொள்ளி வைக்கணுமா? மொத தடவ அழுத்துனப்ப மூணு நாளு காய்ச்சல் எனக்கு. அப்புறம் தலைவர்கிட்ட கேட்டேன். இருந்துட்டுப் போகட்டும்னு சொல்லிட்டாரு."

இருந்துட்டுப் போனார்கள். மாதாமாதம் உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் அந்தக் கம்ப்யூட்டர் ஒரு வரி எழுதும்: சந்தா வந்தது, அல்லது வரவில்லை. இரண்டாயிரத்துச் சொச்சம் பிணங்களுக்கு மூன்று வருடமாகச் 'சந்தா வரவில்லை' என்று எழுதி எழுதியே அது மூச்சு முட்டிப்போயிருந்தது.

மங்களத்தின் பயம் எனக்குப் புரிகிறது. தலைவரின் தாராளம்தான் புரிய நேரம் எடுத்தது. சங்கச் சட்டப்படி, கிளையில் ஐம்பது உறுப்பினருக்கு ஒரு பேராளர். பேராளர்கள் கூடித் தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். சுங்கை சிப்புட் தலைவரின் சொந்தக் கிளை. தோட்டங்கள் காலியாகி, ஆட்கள் சிதறி, பாதிப் பேர் மண்ணுக்குள் போன பிறகும் அந்தக் கிளை மட்டும் வளர்ந்துகொண்டே இருந்தது. உரம் நல்ல உரம்.

"செத்த மரத்தையும் நெரையில சேத்து எண்ணுவாரு எங்க தோட்டத்துக் கணக்கெழுதுற கிராணி," என்றார் ராக்காயி. "அப்புறம் பால் கொறஞ்சிருச்சுன்னு வெட்டுறவளப் புடிச்சுத் திட்டுவாரு. தோட்டத்தோட போச்சுன்னு நெனச்சேன். மாடியேறி வந்திருக்கு."

ஆம்புரோஸ் அடுத்த பெயரைப் படித்தார். "மாயாண்டி. புந்தோங்ல இருக்காரு, கிளை மட்டும் சுங்கை சிப்புட்டு. வாரிசு, ராக்கா..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

ராக்காயி எழுந்து வந்தார். முதலில் திரையைப் பார்த்தார். பிறகு அதற்கு மேலே சுவரில் தொங்கிய படத்தைப் பார்த்தார். பிறகுதான் தலைவரைப் பார்த்தார்.

"உசுரோட இருந்தப்ப அந்த மனுசன் ஒரு நாளு சங்கத்துப் பக்கம் தலையக் காட்டுனதில்ல. செத்த பெறகு ஒங்களுக்கு ஆளாக்கும்?"

"அது... கமிட்டி முடிவு பண்ணித்தான்..." என்றார் தலைவர்.

ஆம்புரோஸ் மிகவும் பணிவாகக் கேட்டார்: "தலைவரே, ஒங்க பதிவுப்படி மாயாண்டி இருக்காரு. அப்படின்னா இந்த அக்கா சுமங்கலி லா. யாரு கை வெளங்காத கைன்னு சொன்னீங்க?"

அலமாரிச் சாவி தலைவரின் சட்டைப் பையிலிருந்து உடனே கிடைத்தது.

ராக்காயி தாம்பாளத்தை உடனே வாங்கவில்லை. "எந்த எழுத்து, மங்களம்?" என்றார்.

"அக்கா, வேணாங்க்கா."

"நெத்தியிலேருந்து நான் அழிச்சு ஏழு வருசமாச்சு. இதுலயும் நானே அழிக்கிறேன். காட்டு."

மங்களம் காட்டினார். ராக்காயி முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு அழுத்தினார். மாயாண்டி போனார். பிறகு மங்களம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "அடுத்தது சன்னாசி," என்றார்.

மூன்று நாள் எடுத்தது. ராக்காயி பக்கத்தில் உட்கார்ந்து யார் செத்தார், யார் இருக்கிறார் என்று சொல்லச் சொல்ல, மங்களம் அழுத்தினார். காய்ச்சல் வரவில்லை. செத்தவர்களின் மாதாந்தர வரிகளையும் ஆம்புரோஸ் மொத்தமாகத் துடைத்தார். நாலாம் நாள், எண்ணை அழுத்திய கையை மங்களம் எடுப்பதற்குள் பெயர் வந்து நின்றது. மருமகள்களைப் பற்றி விசாரிக்க நேரமில்லாமல் போய்விட்டது என்று இப்போது சந்தாதாரர்கள் குறைப்படுகிறார்கள்.

ஆம்புரோஸ் பழுதுக்கான காரணத்தை ஒரு தாளில் எழுதினார்: 'இறந்த உறுப்பினர்கள், 2,391. குங்குமம், இல்லை.' இரண்டு பிரதி. ஒன்று சங்கத்துக்கு. இன்னொன்றை ராக்காயியின் தாம்பாளத்தில் வைத்து, "பத்திரமா வச்சுக்குங்கக்கா. தொலைச்சிட்டா நான் இன்னொண்ணு எழுதித் தாரேன்," என்று தலைவர் காதில் விழும்படி சொன்னார். மறுவாரம் தலைவருக்கு இரக்கம் சுரந்தது. ராக்காயியை வேலைக்குத் திரும்பக் கூப்பிட்டார். கமிட்டிக் குறிப்பில் 'மனிதாபிமான அடிப்படையில்' என்று எழுதிக்கொண்டார்கள். தாம் சொன்ன சொல்லுக்கு வருத்தம் என்று அவர் சொல்லவில்லை. அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டு கோப்பி குடித்த ஒன்பது பேரும் சொல்லவில்லை.

மெசின் எப்படிச் சரியானது என்று கேட்பவர்களிடம் தலைவர் இன்றைக்கும் சொல்கிறார்: "குங்குமத்தத் தொடச்சோம்ல. அதான்."

இந்த ஜூனில் சங்கத் தேர்தல் நடந்தது. சுங்கை சிப்புட் கிளைக்குப் பேராளர்கள் பாதிக்கும் கீழே குறைந்திருந்தார்கள். இருந்தும் பத்துமலையே வென்றார். இந்த முறை உயிரோடு இருப்பவர்கள் மட்டுமே சேர்ந்து அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். செத்தவர்களை நான் இத்தனை நாள் அநியாயமாகச் சந்தேகப்பட்டுவிட்டேன்.

போன வாரம் மறுபடி அந்த மாடிக்குப் போயிருந்தேன். இந்த வருட ஆயுத பூசை நெருங்குகிறது. ராக்காயி தலைவரின் மேசையில் கோப்பியை வைத்தார். மேசையைத் துடைத்தார். சுவரில் இருந்த படத்தைத் துடைத்தார்.

"தலைவரே, தேங்கா?"

"பாக்கலாம், பாக்கலாம். இப்ப பாசார்ல நல்ல தேங்கா எங்க கெடைக்கிது?"

"சரி," என்று சொல்லிவிட்டு ராக்காயி கீழே இறங்கிப் போனார். வேலைக்குத் திரும்பிய நாளிலிருந்து தினமும் காலையில் கேட்கிறாராம். மங்களம் மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகி வைத்திருக்கும் சீட்டை எனக்குக் காட்டினார். அதில் ஒரே வரி: 'முச்சந்தி முனியாண்டிக்குத் தலைவர், தேங்காய் பதினொன்று.' அந்த வரியை இன்னும் கோடு போட்டு அடிக்கவில்லை.